பூட்லோடர் அன்லாக்: பழைய செட்டில் புது ஆண்ட்ராய்டு போடும் முன்

செட்டில் ஒரு குறையும் இருக்காது. திரை பளிச்சென்று இருக்கும், கேமரா நன்றாகவே எடுக்கும், பேட்டரியும் சாயங்காலம் வரை தாங்கும். ஆனால் செட்டிங்ஸுக்குள் போய் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்தால், உங்கள் போன் புதிய பதிப்பில்தான் இருக்கிறது என்று சொல்லும். அந்தப் புதிய பதிப்பு வந்தே நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். சேலம் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்த மொபைல் கடையில் கேட்டாலும், "எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கோங்க" என்பதுதான் முதல் பதிலாக வரும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கம்பெனி கைவிட்ட செட்டுக்கு, உலகின் பல மூலைகளில் இருக்கும் தன்னார்வலர்கள் புதிய ஆண்ட்ராய்டைத் தயார் செய்து இலவசமாகத் தருகிறார்கள். அதற்குத்தான் கஸ்டம் ரோம் என்று பெயர். அதைப் போட வேண்டுமானால், போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை எழுப்பிவிடும் சின்ன மென்பொருளான பூட்லோடரை முதலில் திறக்க வேண்டும். வீடியோவைப் பார்த்து ஒவ்வொரு கட்டளையாகத் தட்டிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று பலர் இறங்குகிறார்கள். நடுவில் ஏதாவது வேறு மாதிரி வந்தால், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் செட்டை டெட் ஆக்கிவிடுகிறார்கள். அதனால் கட்டளைகளை விட, உள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில், எந்த லாக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்வோம். கடையில் "லாக் எடுக்கணும்" என்று வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் திரையில் போட்ட பேட்டர்ன் லாக்கை. சிலருக்கு ரீசெட் செய்தபிறகு பழைய கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும் ஜிமெயில் லாக். வெளிநாட்டிலிருந்து வந்த செட்டாக இருந்தால், ஒரே கம்பெனி சிம்மை மட்டும் ஏற்கும் நெட்வொர்க் லாக்காகவும் இருக்கலாம். பூட்லோடர் லாக் இந்த மூன்றும் இல்லை. போனில் எந்த மென்பொருள் ஓடலாம் என்று தீர்மானிக்கும் பூட்டு அது. ஜிமெயில் லாக் விழுந்த செட் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கி பூட்லோடரைத் திறந்துகொள்ளலாம் என்று தயவுசெய்து கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலான போன்களில் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் சுவிட்சே செட்டிங்ஸுக்குள்தான் இருக்கிறது. போனுக்குள் நுழைய முடிந்த சொந்தக்காரருக்கு மட்டுமே அது எட்டும். திருட்டு செட் வைத்திருப்பவருக்கு எட்டக் கூடாது என்றே அங்கே வைத்திருக்கிறார்கள்.

பவர் பட்டனை அழுத்தினால் நடப்பது

பட்டனை அழுத்தியதும் ஆண்ட்ராய்டு நேராக எழுந்து வந்துவிடுவதில்லை. முதலில் ஓடுவது, சிப்புக்குள்ளேயே தொழிற்சாலையில் பதித்துவிட்ட மிகச் சிறிய ஒரு நிரல். அதை யாராலும் மாற்ற முடியாது. அது பூட்லோடரை எழுப்பும். பூட்லோடர், ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமாக இருக்கும் லினக்ஸ் கெர்னலை எழுப்பும். கெர்னல் எழுந்தபிறகுதான் ஆண்ட்ராய்டு, லாக் ஸ்கிரீன், வாட்ஸ்அப் எல்லாம். இந்த வரிசையில் ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததை எழுப்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கும்: இது கம்பெனி முத்திரை போட்ட மென்பொருள்தானா?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும்போது கொக்கிப் பக்கம் திருப்பி முத்திரையைப் பார்ப்போமே, ஏறக்குறைய அதே மாதிரிதான். ஆனால் வெள்ளியில் முத்திரையைப் போலியாக அடித்துவிடலாம், மென்பொருளில் அது நடக்காது. கம்பெனி தன் மென்பொருள் முழுவதையும் ஒரு கணக்கின் வழியாக ஓட்டி, நீளமான ஓர் எண்ணாகச் சுருக்கிக்கொள்கிறது. அந்த எண்ணில், தன்னிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறது. கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச் சாவி உங்கள் போனுக்குள் இருக்கிறது. சரிபார்க்கத்தான் அது உதவும், புதிதாகக் கையெழுத்துப் போட உதவாது. மென்பொருளில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும், கையெழுத்து பொருந்தாது, பூட்லோடர் அங்கேயே நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டில் இதை வெரிஃபைடு பூட் என்கிறார்கள். இன்றைக்குப் போன்களில் இருக்கும் வடிவம் 2017இல் ஆண்ட்ராய்டு 8 உடன் வந்தது.

சரி, அன்லாக் என்றால் என்ன? முத்திரை பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, நான் போட்டதை எழுப்பு என்று பூட்லோடருக்கு உத்தரவு கொடுப்பது. அவ்வளவுதான். அன்லாக் செய்ததால் மட்டும் போன் வேகமாகிவிடாது, ஆண்ட்ராய்டு பதிப்பும் மாறாது. ரூட்டும் கிடைத்துவிடாது. ரூட் என்பது மேஜிஸ்க் போன்ற கருவிகளைக் கொண்டு சிஸ்டத்தின் உச்ச அதிகாரத்தை ஆப்களுக்குக் கொடுக்கும் தனி வேலை. கஸ்டம் ரோம் போடுவதற்கு அது தேவையே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரூட் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

திறந்தால் ஏன் எல்லாம் அழிகிறது

அன்லாக் செய்த கையோடு போட்டோ, காண்டாக்ட், சாட் எல்லாமே போய்விடும். இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பஸ்ஸில் உங்கள் செட்டை ஒருவர் அடித்துக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் நம்பர் தெரியாது. ஆனால் பூட்லோடரைத் திறந்து, பின் கேட்காத ஒரு சிஸ்டத்தை அவரே போட்டு உங்கள் போட்டோக்களைப் படித்துவிட முடிந்தால், நீங்கள் போட்ட பின்னுக்கு என்ன மதிப்பு? அதனால்தான் பூட்டு திறக்கும் அதே நொடியில், உங்கள் தரவை மறைகுறியாக்கி வைத்திருக்கும் சாவிகளைப் போன் தூக்கி எறிந்துவிடுகிறது. அதன்பிறகு மிச்சம் இருப்பது யாராலும் படிக்க முடியாத குப்பை. ஆகவே கூகுள் கணக்கிலோ கம்ப்யூட்டரிலோ நகல் எடுக்காத எதையும் அன்லாக்குக்குப் பிறகு மீட்க முடியாது. எந்தக் கடைக்காரராலும் முடியாது. வாட்ஸ்அப் பேக்அப்பையும், ஓ.டி.பி. தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பையும்தான் எல்லோரும் மறப்பார்கள். அந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

திறந்த பூட்டு திறந்தபடியே இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் செட் கொஞ்ச நேரம் வேறொருவர் கையில் இருந்தால், அவர் சிஸ்டத்தில் எதையாவது சேர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் போன் தடுக்காது. அதனால்தான் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் திரையில் ஓர் எச்சரிக்கை காட்டும். பிக்சலில் ஆரஞ்சு நிறத்தில் நீளமாக வரும். பழைய சியோமி செட்டுகளில் லோகோவுக்குக் கீழே அன்லாக் ஆகியிருக்கிறது என்று சின்னதாக ஒரு வரி மட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போன் உண்மையைச் சொல்கிறது.

எல்லா போனும் திறக்காது

இங்கேதான் நிறையப் பேருக்கு ஏமாற்றம். ஐபோனில் இந்த வழியே கிடையாது. விவோ அதிகாரப்பூர்வமாக எந்த வழியும் தருவதில்லை. ஹுவாவே 2018இல் அன்லாக் கோடு தருவதை நிறுத்திவிட்டது. கூகுளின் பிக்சல்தான் இருப்பதிலேயே எளிது. செட்டிங்ஸில் சுவிட்சைப் போட்டு, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கட்டளை கொடுத்தால் முடிந்தது. மோட்டோரோலாவில் போன் தரும் நீளமான எழுத்துக்கோவையை அவர்கள் தளத்தில் ஒட்டினால் மெயிலில் கோடு வரும். கூடவே வாரன்டி போய்விடும் என்பதற்கும் சம்மதிக்க வேண்டும்.

நம் ஊரில் பழைய செட் என்றால் ரெட்மி, போக்கோதான் அதிகம் கண்ணில் படும். அவற்றில் சியோமி கணக்கைப் போனோடு இணைத்துவிட்டு, பெரும்பாலும் 168 மணி நேரம், அதாவது 7 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு விண்டோஸ் கம்ப்யூட்டரில் அவர்களுடைய அன்லாக் கருவியை ஓட்ட வேண்டும். சியோமியின் புதிய சிஸ்டமான ஹைப்பர் ஓ.எஸ். வந்தபிறகு நிபந்தனைகள் இன்னும் இறுகிவிட்டன. புதிதாக வாங்கப் போகிறவர்கள், பிறகு திறந்துகொள்ளலாம் என்று நம்பி வாங்காமல் அந்த மாடலின் நிலைமையை விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.

சாம்சங் விஷயம் தனி. பூட்லோடர் திறக்கும் மாடல்களிலும், வேறு சிஸ்டத்தை ஏற்றிய கணமே உள்ளே நாக்ஸ் என்ற மின் ஃபியூஸ் ஒன்று எரிந்துவிடும். நிஜமாகவே சிப்புக்குள் எரிகிற ஃபியூஸ். பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட்டாலும் அது ஒட்டாது. செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேயும் அந்தச் செட்டில் அதற்கப்புறம் வேலை செய்யாது. அந்தச் செட்டை விற்கிற எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

திறந்தபிறகு எதைப் போடுவது

கஸ்டம் ரோம் என்றால் யாரோ திருட்டுத்தனமாகச் செய்வது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. என் பெரியப்பா மகன் ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறார். அவருடைய போக்கோ எஃப்1-ஐப் பற்றிப் பேச்சு வந்தபோது, "ஏன் தம்பி, இது கேஸு கீஸுன்னு ஆயிடாதே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆண்ட்ராய்டின் அடிப்படையை கூகுள் திறந்த மூலமாகவே வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்ற உரிமத்தோடுதான் வருகிறது. அதற்கு அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல். 2 உரிமத்தில் இருப்பதால், போன் விற்கும் கம்பெனி தான் கெர்னலில் செய்த மாற்றங்களையும் வெளியிட வேண்டும். தன்னார்வலர்களுக்கு அதுதான் முதல் பிடிமானம். குற்றம் எதுவென்றால், ஒவ்வொரு செட்டுக்கும் தனி அடையாளமாக இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவது. அதற்கு இந்தியாவில் 2017இலேயே தனி விதிகள் வந்துவிட்டன. சிஸ்டம் மாற்றிக் கொடுக்கும்போதே "ஐ.எம்.இ.ஐ.யும் மாத்தித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆண்ட்ராய்டின் முதல் போனான எச்.டி.சி. டிரீம் 2008இல் வந்தது. அதற்காக ஸ்டீவ் கோண்டிக் என்பவர் 2009இல் தொடங்கிய சயனோஜென்மாட், பல வருஷம் கஸ்டம் ரோம் என்றாலே நினைவுக்கு வரும் பெயராக இருந்தது. 2016 டிசம்பரில் அது மூடப்பட்டதும், அதில் வேலை செய்தவர்களே அதே மூலத்தை எடுத்து லீனியேஜ் ஓ.எஸ். என்று தொடர்ந்தார்கள். இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான். ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பக்கம், தனி வழிமுறை, தனிப் பொறுப்பாளர் என்று ஒழுங்காக இருக்கும். பாதுகாப்புதான் முதல் கவலை என்றால் கிராபீன் ஓ.எஸ். இருக்கிறது, ஆனால் அது பிக்சலுக்கு மட்டும்.

மாடல் என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. கடையில் வைத்த பெயரை நம்பாதீர்கள். ஒவ்வொரு செட்டுக்கும் தயாரிப்பாளர் வைத்த ரகசியப் பெயர் ஒன்று உண்டு. போக்கோ எஃப்1 என்றால் பெரிலியம், ரெட்மி நோட் 4 என்றால் மீடோ, ரெட்மி நோட் 7 புரோ என்றால் வயலட். பெயருக்குப் பின்னால் புரோ சேர்ந்தாலே சிப் வேறாக இருக்கலாம், ரோமும் வேறாகிவிடலாம். வேறு செட்டுக்கான ஃபைலை ஏற்றுவதுதான் செட் டெட் ஆவதற்குப் பெரிய காரணம்.

என்னவெல்லாம் போகும்

இதைச் சொல்லாமல் அன்லாக் செய்யச் சொல்வது சரியாக இருக்காது.

முதல் விஷயம் யூ.பி.ஐ. சூரமங்கலம் உழவர் சந்தையில் கட்டுக் கீரைக்குக்கூட ஸ்கேன் செய்துதான் பணம் கொடுக்கிறோம். வங்கி ஆப்கள் திறக்கும்போது, இந்தப் போன் நம்பகமானதா என்று கூகுளிடம் கேட்கின்றன. பிளே இன்டெக்ரிட்டி என்று அதற்குப் பெயர். புதிய போன்களில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஆண்ட்ராய்டு இல்லை, சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதி. பூட்லோடர் திறந்திருக்கிறது என்று அது கையெழுத்துப் போட்டுச் சொல்லிவிடும். அப்புறம் உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அந்த வங்கியின் முடிவு. சில ஆப்கள் ஒன்றும் சொல்லாமல் திறக்கும், சில உடனே மூடிக்கொள்ளும். இன்று திறப்பது அடுத்த அப்டேட்டில் திறக்காமல் போகலாம். போனை ஏமாற்றிப் பொய்ச் சான்று கொடுக்க வைக்கும் வித்தைகளும் இருக்கின்றன. கூகுள் அவற்றை அடைத்துக்கொண்டே வருகிறது. சம்பளமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை அப்படி ஒரு ஓட்டத்தில் மாட்டிவிட வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். யூ.பி.ஐ.க்கு இருக்கும் ஒரே போனைத் திறக்காதீர்கள். இது இரண்டாவது போனுக்கான வேலை.

இரண்டாவது, போன் பேசுவது. சிரிக்க வேண்டாம், இதுதான் மலையில் பெரிய பிரச்சினை. ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது. அதில் குரல் அழைப்பு முழுக்க வோல்ட்டி, அதாவது 4ஜி வழியே குரலை அனுப்பும் முறையில்தான் போக வேண்டும். ரோமில் வோல்ட்டி சரியாக அமையவில்லை என்றால் இன்டர்நெட் ஓடும், அழைப்பு மட்டும் போகாது. ஏற்காட்டில் ஊரை விட்டு நாலு எஸ்டேட் தள்ளிப் போனாலே சில இடங்களில் ஒரு கம்பெனி சிக்னல்தான் கிடைக்கும். அந்த ஒரு சிம்மில் அழைப்பு போகாத செட்டை, ஆத்திர அவசரத்துக்கு நம்பி எடுத்துப் போக முடியாது. ஆகவே உங்கள் மாடலுக்கான பக்கத்தில் வோல்ட்டி வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ரோம் போட்டதும் முதலில் சோதிக்க வேண்டியதும் அதுதான். வீட்டில் இருக்கும் ஒருவருக்குக் கூப்பிட்டு, அவர்களையும் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மற்றவை சின்னவை. ஒ.டி.டி. ஆப்கள் சில செட்டுகளில் எச்.டி. தரத்தில் ஓடாது, ஏனென்றால் வைடுவைன் என்ற உரிமப் பாதுகாப்பு கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். கம்பெனியின் கேமரா ஆப் இருக்காது, போட்டோவின் தரம் கொஞ்சம் மாறும். ஐ.ஆர். ரிமோட் மாதிரி சில வசதிகள் காணாமல் போகலாம்.

கிடைப்பதைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். புதிய ஆண்ட்ராய்டும், மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்கும். விளம்பரம் காட்டும் ஆப்கள் இல்லாமல் செட் லேசாகும். ஆனால் சிக்னலைக் கவனிக்கும் மோடம் போன்ற பாகங்களுக்கு உள்ளே ஓடும் மூடிய மென்பொருளைச் சிப் கம்பெனியால் மட்டுமே திருத்த முடியும். அவர்கள் நிறுத்திவிட்டால் தன்னார்வலர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பழைய செட் புதிய செட்டுக்குச் சமமான பாதுகாப்போடு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். முன்பு இருந்ததை விட நிச்சயம் நன்றாக இருக்கும்.

வேலை நடக்கும் விதம்

அண்ணனுடைய போக்கோ எஃப்1 இதற்குப் பொருத்தமான செட். 2018 ஆகஸ்டில் ஸ்னாப்டிராகன் 845 சிப்போடு வந்தது, கம்பெனி தந்த கடைசிப் பதிப்பு ஆண்ட்ராய்டு 10. லீனியேஜில் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் உண்டு. பணம் அனுப்ப அவரிடம் வேறு போன் இருக்கிறது. இதில் மிளகுக் கொடியில் நோய் கண்டால் போட்டோ எடுப்பது, மழை அளவு குறிப்பது, வானிலை பார்ப்பது, இவ்வளவுதான். இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

முதலில் செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய், பில்ட் எண்ணை 7 முறை தொட வேண்டும். சியோமி செட்டுகளில், அவர்களுடைய சிஸ்டமான எம்.ஐ.யூ.ஐ.யின் பதிப்பு எழுதியிருக்கும் வரியின் மேல் தொட வேண்டும். நீங்கள் இப்போது டெவலப்பர் என்று ஒரு வரி வரும். புதிதாகத் திறக்கும் டெவலப்பர் பகுதியில் ஓ.இ.எம். அன்லாக்கிங் என்ற சுவிட்ச் இருக்கும், அதைப் போட வேண்டும். நான் மேலே சொன்ன, சொந்தக்காரருக்கு மட்டும் எட்டும் சுவிட்ச் அதுதான். பிறகு சிம் போட்டு, மொபைல் டேட்டாவில் சியோமி கணக்கை இணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பு முடிந்ததும் போனை ஆஃப் செய்து, வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவரையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஃபாஸ்ட்பூட் வரும். பழைய சியோமி செட்டுகளில், தொப்பி போட்ட முயல் ஒன்று ஆண்ட்ராய்டு பொம்மையை ரிப்பேர் பார்க்கும் படம் வரும். அந்தப் படம் வந்தால் போன் கம்ப்யூட்டரின் கட்டளைக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். சியோமியில் இந்த இடத்தில் அவர்கள் கருவியை ஓட்ட வேண்டும். பிக்சலாக இருந்தால் "ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக்" என்ற ஒரே கட்டளை. போன் கடைசியாக ஒரு முறை கேட்கும், வால்யூம் பட்டனால் ஆமாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் அழிந்து, பூட்டு திறந்துவிடும்.

டெஸ்க்டாப்பை விட லேப்டாப்பில் இதைச் செய்யுங்கள். மலையில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போகும், சிஸ்டம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்தால் வீண் தொல்லை. போனிலும் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். கேபிள் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கம்ப்யூட்டர் போனைக் கண்டுபிடிக்காமல் முரண்டு பிடித்தால் யூ.எஸ்.பி. 3 போர்ட்டை விட்டு 2 போர்ட்டில் செருகிப் பாருங்கள். நிறைய நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

அடுத்தது ரெக்கவரி. சிஸ்டம் ஓடாதபோதும் எழுந்து நின்று, புது சிஸ்டத்தை ஏற்றிவிட உதவும் சின்ன மென்பொருள் அது. கம்பெனியின் ரெக்கவரி வெளி ரோமை ஏற்காது என்பதால், லீனியேஜ் தரும் ரெக்கவரியை முதலில் ஏற்ற வேண்டும். அதற்குள் போய் பழைய தரவை ஃபார்மட் செய்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து சைடுலோடு முறையில் ரோம் ஃபைலை அனுப்ப வேண்டும். இங்கேதான் புதியவர்கள் பதறிப்போய் கேபிளைப் பிடுங்குவார்கள். கம்ப்யூட்டர் திரையில் சதவீதம் ஏறிக்கொண்டே வந்து, 47இல் நின்றுவிடும். சில செட்டுகளில் வேலை நல்லபடியாக முடிந்தாலும் 47 என்றுதான் காட்டும். கையை எடுத்துவிட்டுப் போனின் திரையைப் பாருங்கள், முடிந்ததா இல்லையா என்று அங்கே எழுதியிருக்கும்.

கூகுள் ஆப்கள் லீனியேஜோடு வருவதில்லை. பிளே ஸ்டோர் வேண்டும் என்றால், அதற்கான தனித் தொகுப்பை இதே ரெக்கவரியில், முதல் முறை சிஸ்டம் ஆன் ஆவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி ஃபார்மட்தான். முதல் பூட் மெதுவாக இருக்கும். கால் மணி நேரத்துக்கு மேல் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு படியை விட்டுவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு ரெக்கவரிக்குத் திரும்பிப் போங்கள். அந்த நிலையில் செட் டெட் ஆகவில்லை. ஃபாஸ்ட்பூட்டும் ரெக்கவரியும் வரும் வரைக்கும் எதையும் சரிசெய்துவிடலாம்.

ரோம் ஃபைலை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கண்டிப்பாக இருங்கள். டெலிகிராம் குழுவில் யாரோ போட்ட ஃபைல் வேண்டாம். பூட்லோடர் திறந்திருப்பதால் முத்திரை பார்க்கும் ஆள் இப்போது நீங்கள்தான். அதிகாரப்பூர்வப் பக்கத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் எஸ்.எச்.ஏ. 256 என்று நீளமாக ஓர் எண் இருக்கும். இறக்கிய ஃபைலை உங்கள் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். விண்டோஸில் சர்ட்யூடில் என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது, எதையும் புதிதாகப் போடத் தேவையில்லை.

திரும்பிப் போக நினைத்தால்

ரோம் பிடிக்கவில்லை, பழைய சிஸ்டத்துக்கே போகலாம் என்று தோன்றலாம். தாராளமாகப் போகலாம், இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

ஒன்று, பதிப்பு. சில செட்டுகள், தன்னில் ஏறிய பதிப்பை விடப் பழையதை ஏற்காதபடி சிப்பில் குறித்துவைத்துக்கொள்ளும். ஆன்டி ரோல்பேக் என்று சொல்வார்கள். ரெட்மி நோட் 5 புரோவில் 2018இல் இது வந்தபோது, பழைய பதிப்பைப் போடப் போய் நிறையப் பேரின் செட் டெட் ஆனது. அப்படி ஆனால் குவால்காம் சிப்பின் இ.டி.எல். என்ற அவசர வழியைத்தான் பிடிக்க வேண்டும். சியோமி செட்டுகளில் அதற்குக் கம்பெனி அனுமதி பெற்ற கணக்கு வேண்டும். எனவே எப்போதும் கடைசியாக வந்த அதிகாரப்பூர்வப் பதிப்பையே எடுங்கள்.

இன்னொன்று, பூட்டைத் திரும்பப் போடுவது. கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போது, பாதுகாப்புக்காக என்று நினைத்து பூட்லோடரை லாக் செய்துவிடாதீர்கள். லாக் செய்ததும் பூட்லோடர் மறுபடி கம்பெனி முத்திரையைத் தேடும், கிடைக்காது, போன் எழாது. பிக்சலில் கிராபீன் போட்டவர்கள் போன்ற சிலர் மட்டும் லாக் செய்யலாம். தன் சொந்தச் சாவியைப் போனில் பதிந்துகொள்ள கிராபீனுக்கு அங்கே இடம் இருக்கிறது. மற்ற செட்டுகளில் முழு அதிகாரப்பூர்வ சிஸ்டத்தையும் ஏற்றி, அது ஒரு முறை நன்றாக ஆன் ஆகி, சிம் எடுத்து, அழைப்பும் போவதைப் பார்த்தபிறகுதான் லாக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டும். சிஸ்டத்தை ஏற்ற உதவும் சியோமியின் ஃபிளாஷ் கருவியைக் கம்ப்யூட்டரில் திறந்தால் கீழ்ப் பகுதியில் சில தேர்வுகள் இருக்கும். அதில் கருவி தானாகவே தேர்ந்தெடுத்து வைத்திருப்பது, எல்லாம் அழித்துவிட்டு லாக்கும் செய் என்ற தேர்வை. வேறு நாட்டுச் செட்டில் இந்திய ஃபைலைப் போடும்போது அது அப்படியே விடப்பட்டால் செட் அதோடு நின்றுவிடும். ஃபிளாஷ் பட்டனைத் தொடும் முன், லாக் இல்லாமல் அழிக்க மட்டும் சொல்லும் தேர்வுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.